எழுந்திரிக்கலாமா, தங்கம்?

வீட்டில் அவளுக்கு இன்ஜினியர் என்று பெயர். கல்லூரியில் இடம் கிடைத்த அன்று மாமா வைத்தது. சரக்கு வேனை வாசலில் நிறுத்திவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்க வீட்டு இன்ஜினியர் எங்க?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். அன்றிலிருந்து அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். படிப்பு முடிந்து நகரத்தில் வாடகை அறை எடுத்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே அதற்குச் சுருதி வேறு.

"இன்ஜினியர், குளியலறைக் குழாய் ஒழுகுது. வந்து ஒரு வரைபடம் போட்டுக் குடுங்க."

இப்படிச் சொன்ன அறைத்தோழிக்கு டீச்சர் என்று பெயர். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். சம்பளம் கொடுக்கிற பள்ளிக்கூடம் எதுவும் அவளை எடுக்கவில்லை. எடுத்த பள்ளிக்கூடம் சம்பளம் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் இப்போது ஒரே வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, நோயாளி வீடு பிடித்துக் கொடுத்து, சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொள்கிற ஒரு நிறுவனம் அவர்களை அனுப்பி வைத்தது.

ஆறு வாரத்தில் கற்றது சோறு போட்டது. நான்கு வருடம் கற்றது கடனாக நின்றது.

அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மாமா. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறவள், அவள் கையெழுத்து வங்கிக்குச் செல்லாது. அவள் பெயரில் இருந்த வீட்டை அடகு வைக்க மாமா விடவில்லை. "என் அக்கா பொண்ணுக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறேன்?" என்று மாமா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். முந்தின நாள் பழைய தினசரியின் ஓரமெல்லாம் எழுதிப் பழகிய கையெழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்புவது போல அடியில் ஒரு சுழியுடன் முடிந்தது. வெளியே வந்ததும் எல்லாருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார். அத்தை மட்டும் குடிக்கவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நாளைக்கு நம்ம கழுத்துக்கு வராம இருக்கணும்" என்றாள். அன்றைக்கு அவளை எல்லாரும் முறைத்தார்கள்.

கட்டடப் பொறியியல் முடித்த வருடம், கட்டடம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் அனுபவம் உள்ளவர்கள்தான் வேண்டியிருந்தது. அனுபவம் வேண்டுமென்றால் சம்பளமில்லாமல் வா என்றார்கள். ஓர் இடத்தில் சம்பளம் உண்டு, ஆனால் வரவேற்பறையில் சிரித்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்னோர் இடத்தில், "பொம்பளப் பிள்ள சாரத்துல ஏறி விழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார்கள். வங்கி ஒரு வருடம் பொறுத்தது. பிறகு தவணை ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த ஆறு வாரப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் அலுவலக வேலை என்று சொல்லி வைத்தாள்.

முதல் நோயாளி, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன ஓர் அம்மாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த பிடிவாதம். எழுந்திரு என்றால் எழுந்திருக்க மாட்டாள். வாங்க என்றாலும் வர மாட்டாள். செத்துப்போன புருஷன் அவளைத் தங்கம் என்று கூப்பிடுவாராம். அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் உடம்பு அசையும். ஆகவே இன்ஜினியர் காலையும் மாலையும் நாற்காலியைப் பலமுள்ள பக்கம் இழுத்துப் போட்டு, அந்த அம்மாளின் முழங்காலைத் தன் முழங்காலால் அணைகொடுத்து, இடுப்புக்குப் பின்னால் கைகொடுத்து, "எழுந்திரிக்கலாமா, தங்கம்? முன்னாடி சாயுங்க. ஒண்ணு, ரெண்டு..." என்று பாடுவாள். மூன்று சொல்வதற்குள் அம்மாள் நின்றுவிடுவாள். அடுத்தடுத்து வந்த வீடுகளிலும் இதே பாட்டுதான். கை போகிற இடத்துக்கு வாயும் போய்ப் பழகிவிட்டது.

சம்பளம் வந்த அன்றே தவணை போகும். சில மாதம் முழுசாகப் போகும், சில மாதம் பாதிதான் போகும். நோயாளி இறந்துவிட்டால் அடுத்த வீடு கிடைக்கும்வரை ஒன்றுமே போகாது. வங்கிக்காக ஒரு பையன் போன் செய்வான். ஆரம்பத்தில் மிரட்டினான். ஒருநாள் அவளே கேட்டாள்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.பி.ஏ. மேடம்."

"லோன் போட்டா?"

"அத ஏன் கேக்குறீங்க. என் பாக்கிக்கு எனக்குப் போன் பண்றது எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்தான்" என்றான். அதற்குப் பிறகு அவன் மிரட்டவில்லை. ஆனால் போன் செய்வதையும் நிறுத்தவில்லை.

ஒன்று மட்டும் மாறாமல் நடந்தது, அத்தையின் கணக்கெடுப்பு. ஊருக்குப் போன ஒருமுறை வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்துவிட்டாள்.

"கடன்காரிக்கு எதுக்குடி இவ்வளவு விலையில ஷூ? நானெல்லாம் உன் வயசுல செருப்புக்கே ஊக்கு குத்திப் போட்டேன்."

ஈரக் குளியலறையில் ஒரு ஆளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறவள் வழுக்கினால் இரண்டு இடுப்பு உடையும். அதைச் சொன்னால் வேலை எதுவென்று தெரிந்துவிடும். விலையான போனுக்காகத் திட்டியபோதும் அப்படித்தான். வேலைக்கு வந்தேன் என்று நோயாளியோடு சேர்ந்து படமெடுத்து அனுப்பினால்தான் நிறுவனம் அன்றைய கூலியை எழுதும். மங்கலாக எடுக்கிற போனில் எடுத்தால் எழுதாது. காபி இன்னொரு கதை. சம்பள நாளில் அவளும் டீச்சரும் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போய் ஒரு காபி வாங்கி இரண்டாகக் குடிப்பார்கள். டீச்சர் அதைப் படமெடுத்துப் போட்டாள். அத்தை கண்ணில் அது பட்டது.

"நுரை வச்ச காபி குடிக்குறாங்களாம். தவணை கட்ட மட்டும் வக்கில்ல."

மாதம் முழுக்கத் தின்ற காய்ந்த ரொட்டியை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

இப்படி இழுத்துக்கொண்டு கிடந்ததை மாமாவின் வேன் முடிவுக்குக் கொண்டுவந்தது. வண்டி கிழடாகிவிட்டது. மேடு ஏறும்போது இருமியது. சரக்கு கொடுக்கிறவர்கள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். புது வேனுக்குக் கடன் கேட்டு மாமா வங்கிக்குப் போனார். கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் போன் வந்தது. மாமா கத்தவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"என் பேர்ல பாக்கி இருக்காம்மா. நான் எவன்கிட்டயும் கைநீட்டினதில்லன்னு சொன்னேன். கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுறான். உன் பேரு இருக்கு, கீழ என் பேரு இருக்கு."

"மாமா, நான் எப்படியாவது..."

"நீ இன்ஜினியர்தானேம்மா? இன்ஜினியருக்கு எங்கயும் வேலை இல்லையா? வண்டி இன்னும் கொஞ்ச நாள்தான் ஓடும். அதுக்குள்ள பாரு."

அன்றிலிருந்து நோயாளி தூங்குகிற நேரமெல்லாம் விண்ணப்பம் போட்டாள். கடைசியில் ஒரு கட்டுமான நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. படிப்புக்கும் இன்றைக்கும் நடுவிலிருந்த இரண்டு வருடத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டபோது டீச்சர்தான் வழி சொன்னாள்.

"போட்டித் தேர்வுக்குப் படிச்சேன்னு எழுது. எழுதிட்டு ஃபெயிலுன்னு சொல்லு. அதை மட்டும் எவனும் சந்தேகப்பட மாட்டான்."

டீச்சருடைய கோட்டு, டீச்சருடைய கைப்பை, சொந்தமாகத் தலைமுடி மட்டும். அதையும் காசு கொடுத்து வெட்டிச் சீராக்கிக்கொண்டு போனாள்.

நேர்காணல் நடந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். நிறுவனத்தை நடத்துகிற மகன், எல்லாரும் சின்னவர் என்றார்கள். அவருடைய அம்மா, பெரிய மேடம். நிறுவனத்தைப் புருஷனோடு சேர்ந்து தொடங்கியவள். இடுப்பெலும்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகும் யாரை வேலைக்கு எடுப்பது என்பதை மட்டும் விடாமல் வந்து பார்ப்பாள். தாழ்வான சோபாவில் கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கேள்வி கேட்டது சின்னவர். தூணுக்குக் கம்பி கட்டினால் பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு விட வேண்டும், கலவை இறங்கியதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும், வெயிலில் தளம் போட்டால் எப்படி நனைப்பது. அவள் தடுமாறவில்லை. நோயாளி தூங்குகிற நேரத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தது வீண்போகவில்லை. சின்னவர் தலையாட்டினார். பெரிய மேடம்கூட ஒருதரம், "இவ வாயில சிமெண்ட் இருக்கு" என்றாள். பாராட்டுதான்.

"சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்று சின்னவர் சொன்னார். பெரிய மேடமும் எழுந்திருக்கப் பார்த்தாள். தடியை ஊன்றினாள், சோபா ஆழம், பாதி எழுந்த உடம்பு பின்னால் சரிந்தது.

இன்ஜினியர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருப்பாள். அவள் முழங்கால் போய் அந்த முழங்காலுக்கு அணைகொடுத்தது, கை இடுப்புக்குப் பின்னால் போனது, வாயும் கூடவே போனது.

"எழுந்திரிக்கலாமா, தங்கம்? முன்னாடி சாயுங்க. ஒண்ணு, ரெண்டு..."

பெரிய மேடம் நின்றுவிட்டாள். சின்னவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க அப்பாகூட உங்களத் தங்கம்னு கூப்பிட்டதில்லம்மா!"

பெரிய மேடம் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "வலிக்கவே இல்லையேடா" என்று மகனிடம் சொன்னாள். பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "எந்தப் போட்டித் தேர்வுல இதச் சொல்லித் தர்றாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எழுந்து போயிருக்கலாம். மறுபடி உட்காரச் சொன்னார்கள். சின்னவர் விஷயத்தை நேராகவே வைத்தார். இன்ஜினியர் வேலை என்றால் பயிற்சிக் காலம் முடியும்வரை சம்பளம் கிடையாது, பஸ்ஸுக்குக் காசு மட்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்கிறது என்றால் இப்போது வாங்குவதைப்போல இரண்டு மடங்கு.

"சாரத்துல ஏற ஆசைப்படுற பிள்ளைங்க வாசல்ல வரிசையா நிக்குது" என்றாள் பெரிய மேடம். "என்னை வலிக்காமத் தூக்குறவ ஒருத்தி கிடைக்கல. ஆறு மாசம் என்கூட இரு. அப்புறம் நானே உன்ன சைட்டுக்கு அனுப்புறேன்."

மேடு ஏற முடியாமல் இருமுகிற வேன்தான் அவள் காதில் கேட்டது.

"வங்கிப் பாக்கி மொத்தத்தையும் முன்பணமா கட்டிடணும். மாசாமாசம் பிடிச்சுக்கோங்க."

"ஆகட்டும்."

"இன்னொண்ணு. எனக்குக் குடுக்குற கார்டுல இன்ஜினியர்னு போடணும்."

சின்னவர் தோளைக் குலுக்கினார். "கார்டுல என்ன வேணும்னாலும் போட்டுக்கோ. அதுக்கு என்ன செலவு?"

அந்தக் கார்டைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். அம்மா அழுதாள். மாமா அதை வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒவ்வொரு டிரைவருக்கும் காட்டினார். பாக்கி தீர்ந்தது, புது வேன் வந்தது. அத்தைகூட, "நல்ல ஷூ ஒண்ணு வாங்கிக்கோ, ஆபீஸுக்குப் போறவ" என்று சொல்லியனுப்பினாள்.

ஆறு மாதம் முடிந்ததும் கேட்டாள். பெரிய மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போயிட்டா நான் எப்படிடி எழுந்திரிப்பேன்?" என்றாள். சம்பளம் கொஞ்சம் கூடியது. கெட்டவள் இல்லை, தன் தட்டில் இருப்பதையே அவளுக்கும் கொடுத்தாள், உடம்புக்கு முடியாத நாளில் டாக்டரிடம் தன் காரிலேயே அனுப்பினாள். சைட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை. மறுபடி கேட்க இன்ஜினியருக்கும் வாய் வரவில்லை. சிமெண்ட் பற்றிய புத்தகம் மருந்து டப்பாவுக்கு அடியில் போனது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சொல்லாமல் கொள்ளாமல் புது வேனில் வந்து இறங்கினார். கூடவே மகள். அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். அலுவலகமும் வீடும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்ததால், காவலாளி அவர்களை நேரே பின்பக்கத்துக்கு அனுப்பிவிட்டான். மாமா பழப் பையை நீட்டினார்.

"இன்ஜினியர்! தங்கச்சியும் உன் வழியில வர்றா. இடம் கிடைச்சிருக்கு. நாளைக்கு பேங்க்ல கையெழுத்து. என் பேர்ல இப்ப வேன் கடன் இருக்கு, ஜாமீனுக்கு ஒத்துக்க மாட்டேங்குறான். நீ சம்பளக்காரி. நீ போட்டா முடிஞ்சது."

தங்கை கூச்சத்தோடு சிரித்தாள். புதுப் பை ஒன்று தோளில் தொங்கியது, விலைச்சீட்டின் நூல்கூட அறுக்கப்படவில்லை.

இன்ஜினியர் வாய் திறப்பதற்குள் மாடியில் மணி அடித்தது. பெரிய மேடம் மதியம் படுத்து எழும் நேரம்.

இன்ஜினியர் பழப் பையைப் படியில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் மேல வாங்க" என்றாள்.

அவர்களை அறை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள், முழங்காலை அணைகொடுத்தாள். எப்போதும் மெல்லச் சொல்கிறதை அன்று உரக்கச் சொன்னாள்.

"எழுந்திரிக்கலாமா, தங்கம்? முன்னாடி சாயுங்க."

பெரிய மேடத்தைக் கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போனாள், காத்திருந்தாள், சுத்தம் செய்து திரும்ப அழைத்து வந்து உட்கார வைத்தாள். அப்புறம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"ஆரம்பத்துலேர்ந்தே. கார்டு மட்டும்தான் மாமா இன்ஜினியரு."

மாமா முகத்தைத் துண்டால் துடைத்தார். அழுகிறார் என்று அவள் நினைத்தாள். துண்டை எடுத்தபோது கண் காய்ந்துதான் இருந்தது. யோசித்துக்கொண்டிருந்தார்.

"கார்டுல இன்ஜினியர்னுதானே இருக்கு?"

"மாமா..."

"பேங்க்காரன் மாடி ஏறி வந்தா பார்க்கப் போறான்? கார்டு இருக்கு, சம்பளம் கணக்குல ஏறுது. அவனுக்கு அது போதும்."

"அவளுக்குப் போதுமா? நாலு வருஷம் படிச்சிட்டு எங்க வந்து நிக்கப் போறா, கண்ணால பாத்தீங்கல்ல?"

"உனக்கு நேரம் சரியில்ல. எல்லாருக்கும் அப்படியேவா?"

தங்கை அப்போதுதான் பேசினாள். "அக்கா, நீங்க சிவில். நான் எடுக்கப் போறது கம்ப்யூட்டர். அது வேற."

"என்கூட ரூம்ல இருந்தவ டீச்சர்டி. அதுவும் வேறதான். நான் போட மாட்டேன் மாமா."

மாமா எழுந்தார். பேன்ட்டில் ஒட்டிய தூசியை ரொம்ப நேரம் தட்டினார்.

"அன்னைக்கு நான் இப்படி யோசிச்சிருந்தா நீ இன்னைக்கு இன்ஜினியரா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டது அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார். பழப் பை படியிலேயே கிடந்தது.

சாயங்காலமே அம்மா போன் செய்தாள். "அவன் உனக்குப் போட்டானேடி. உனக்காக எவ்வளவு பேச்சு வாங்கினான். ஒரு கையெழுத்துக்கு உன் கை தேஞ்சா போயிடும்?" என்றாள். அத்தை அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கி, "எங்க காசுல கார்டு வாங்கிட்டுக் கதவச் சாத்திட்டா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளிடம் எதுவுமே சொல்லவில்லை. அம்மா பெயரில் இருந்த வீட்டை ஜாமீனுக்கு வைத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. அம்மா தானாகத்தான் கொடுத்தாளாம், மகள் செய்த பாவத்துக்கு ஈடாக.

தங்கை கல்லூரியில் சேர்ந்தாள். விடுதி வாசலில் நின்று எடுத்த படத்தை அக்காவுக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தாள். அதே பை. "அக்கா, சேர்ந்துட்டேன். கோபம் இல்லைதானே?"

இன்ஜினியர் பெரிய மேடத்துக்குக் காலில் மருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையால் போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாருடி அது, போன்ல?" என்றாள் பெரிய மேடம்.

"மாமா பொண்ணு. இன்ஜினியரிங் சேர்ந்திருக்கா."

"காட்டு."

காட்டினாள். பெரிய மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள்.

"நல்ல எலும்பு" என்றாள். "முடிச்சதும் இங்க அனுப்பு. அதுக்குள்ள நான் இன்னும் கனத்துடுவேன், உனக்கும் முதுகு போயிடும்."

இன்ஜினியர் போனைக் கவிழ்த்து வைத்தாள். மருந்து இன்னும் காயவில்லை. இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.